சொந்த விருப்பின் பேரில்

எந்தப் படிவத்தில் 'சொந்த விருப்பின் பேரில்' என்று கண்டாலும் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரளும். பிள்ளையின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரமோ வங்கிக் கணக்கை மூடுகிற கடிதமோ, எதுவானாலும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதே சொற்களை நான் ஒரு கடிதத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்தில் பதினேழு பேர் கையெழுத்து வைத்தார்கள், அந்தப் பதினேழு பேரில் ஒருவருக்கும் அப்படியொரு விருப்பம் இருக்கவில்லை. நான் மொழிபெயர்த்தவள்தானே, எழுதியவள் வேறு ஆள்தானே என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், சரிவரவில்லை. போன மாதம் இன்னொரு பெரிய மருந்துக் கொம்பனி இன்னொன்றை வாங்கப்போகிறது என்று பேப்பரில் ஒரு மூலையில் கிடந்தது. அதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. அதனால்தான் இது.

அப்போது நான் கொழும்பில் ஒரு மருந்து இறக்குமதிக் கொம்பனியின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். பதவியின் பெயர் நீளமானது, செய்த வேலை லீவுக் கணக்கும் பெற்றோல் பில்லும் ரெப்மார், அதாவது டொக்டர்மாரிடம் மருந்தை அறிமுகப்படுத்தப் போகிற பிரதிநிதிகள், வெளியூர் போய்வந்த அறிக்கைகளைக் கோர்த்து வைப்பதும். ஒபிசில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம், பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள் நான் ஒருத்தி. தைப்பொங்கல் வாழ்த்து மட்டைக்கும் நான்தான், ஸ்டோர்ஸ் சுவரில் 'இங்கே வெற்றிலை துப்ப வேண்டாம்' என்று ஒட்டுவதற்கும் நான்தான்.

மருந்துத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. இலங்கையில் விற்கிற வெளிநாட்டு மருந்துகளில் பெரும்பகுதியை அந்தந்த வெளிநாட்டுக் கொம்பனி நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி, பதிவு, களஞ்சியம், விநியோகம், டொக்டர்மாரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் உள்ளூர் ஏஜென்டின் வேலை. வெளிநாட்டுக்காரனை நாங்கள் 'பிரின்ஸிபல்' என்போம். பள்ளிக்கூடத்து அதிபரைப் போலவேதான், சொன்னால் சொன்னது. எங்கள் சம்பளச் சீட்டில் ஏஜென்டின் பெயர் இருக்கும், விசிட்டிங் கார்டில் பிரின்ஸிபலின் சின்னம் இருக்கும். பதினைந்து இருபது வருடம் அந்தச் சின்னத்தைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிந்தவர்கள் தாங்கள் அந்தக் கொம்பனியின் ஆட்கள் என்றே நம்பியிருந்தார்கள். அந்தக் கொம்பனியின் ஊழியர் பட்டியலிலோ அவர்களில் ஒருவருடைய பெயரும் கிடையாது.

அங்கே இரண்டு பிரின்ஸிபல்கள் ஒன்றாகும்போது இங்கே நடப்பது மிகச் சாதாரணமான கணக்கு. இரண்டு பேருக்கும் கொழும்பில் தனித்தனி ஏஜென்ட் இருப்பார்கள். ஒன்றான கொம்பனிக்கு எதற்கு இரண்டு ஏஜென்ட்? சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கிற பிராந்திய ஒபிசிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், தொண்ணூறு நாள் நோட்டீஸ். மருந்து அதே மருந்துதான், எழுதுகிற டொக்டரும் அதே டொக்டர், குடிக்கிற நோயாளியும் மாறப்போவதில்லை. ஏஜென்சி மட்டும் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும், அதை நம்பியிருந்த ஆட்கள் இந்தப் பக்கமே நிற்பார்கள். எங்கள் பிரின்ஸிபலும் இப்படி இன்னொன்றோடு ஒன்றாகி ஏஜென்சி கைவிட்டுப் போகிறது என்ற செய்தி வந்த அன்று எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அங்கை கலியாணம், செத்த வீடு இங்கை."

பனடோல் கார்டின் பின்பக்கம்

இது எவ்வளவு வழமையான சங்கதி என்பதற்கு உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிற பனடோல் கார்ட் ஒன்றே போதும். பனடோல் முதலில் ஸ்டெர்லிங் என்ற அமெரிக்கக் கொம்பனியினுடையது. 1988இல் ஸ்டெர்லிங்கை வாங்கியது யார் தெரியுமா, கொடக். ஆம், படச்சுருள் விற்ற அதே கொடக். ஆறு வருடத்தில் அவர்களுக்கு மருந்து ஆசை விட்டுப்போய் 1994இல் துண்டு துண்டாக விற்றார்கள், பனடோல் ஸ்மித்க்ளைன் பீச்சமிடம் போனது. 2000இல் அது க்ளாக்ஸோ வெல்கமோடு சேர்ந்தது. க்ளாக்ஸோவும் வெல்கமும் ஒன்றானதே அதற்கு ஐந்து வருடம் முன்புதான். 2022இல் வீட்டு மருந்துகளையெல்லாம் பிரித்து ஹேலியன் என்று புதுக் கொம்பனி ஆக்கினார்கள். தலையிடிக்கு நாம் விழுங்கிய வெள்ளைக் குளிசையில் இதெல்லாம் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு தரம் கை மாறும்போதும் எங்கோ ஒரு கணக்குப் பிரிவு இரண்டிருந்து ஒன்றாகியிருக்கும், எங்கோ ஒரு களஞ்சியத்தின் சாவியை யாரோ திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

பெரிய நாடுகளில் இதற்காவது ஒரு தொகை சொல்வார்கள். 2009இல் ஃபைசர் 68 பில்லியன் டொலருக்கு வயெத்தை வாங்கியபோது, இரண்டும் சேர்ந்த ஆட்தொகையில் நூற்றுக்குப் பதினைந்து குறையும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இஸ்ரேலின் டேவா, ஏறக்குறைய 40 பில்லியன் டொலர் கொடுத்து அலர்கனின் ஆக்டாவிஸ் ஜெனரிக் பிரிவை, அதாவது காப்புரிமை முடிந்த மருந்துகளைச் செய்கிற பிரிவை, 2016இல் வாங்கிக் கடனில் மூழ்கி, அடுத்த வருடக் கடைசியில் 14,000 பேரை நிறுத்தப்போவதாகச் சொன்னது. மொத்த ஆட்களில் காற்பங்குக்கும் மேல். எனக்கு இவற்றிலெல்லாம் மனதில் நிற்பது ஆன் ஆர்பர்தான். கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கிற லிப்பிட்டோர், ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து, மிச்சிகனில் அந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அந்த மருந்துக்காகவே 2000இல் வோர்னர்-லாம்பர்ட்டை ஃபைசர் வாங்கியது, 2007இல் அந்த ஆய்வுக்கூடத்தையே மூடுவதாக அறிவித்தது. அங்கே இருந்த ஏறக்குறைய 2,100 பேரின் வேலைகள் அந்த ஊரில் இல்லாமல் போயின. பொன்முட்டையிடும் வாத்தை அறுத்த கதை நமக்குத் தெரியும். இங்கே முட்டைகளைக் கூடையில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அறுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இணைப்புகள் ஆராய்ச்சியைச் சாகடிக்கின்றன என்று பிறகு 2011இல் எழுதிய ஜோன் லமட்டினா வெளியாள் இல்லை, அதே ஃபைசரின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர்.

சரி, 2,100 பேர் என்று ஒரு எண் இருக்கிறது. அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது, மேயர் பேசினார், கடைசியில் பல்கலைக்கழகம் அந்தக் கட்டடங்களை வாங்கியது. எங்கள் பதினேழு பேர் எந்த எண்ணுக்குள் வருகிறார்கள்? பிரின்ஸிபலின் கணக்கில் அவர்கள் ஊழியர்களே இல்லை. எங்கள் கொம்பனியின் கணக்கிலோ அவர்களை யாரும் நிறுத்தவில்லை. அவர்களாகவே போனார்கள், சொந்த விருப்பின் பேரில்.

பாக் அண்ணை

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஒபிசில் ஒருவரும் பாவிப்பதில்லை. சிங்களப் பெடியன்களும் 'பாக் அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள், ஏதோ அது ஒரே சொல் மாதிரி. நாலு மூலையும் தேய்ந்த கறுப்புத் தோல் பாக் ஒன்று. கைப்பிடியைப் புறக்கோட்டையில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் மூன்று தரம் தைப்பித்திருந்தார், மூன்றாவது தையல் மட்டும் மண்ணிற நூல். உள்ளே சாம்பிள்கள் ஒரு பக்கம், டொக்டரிடம் விரித்துக் காட்டுகிற படத்தாள்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பருத்தித்துறையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தார். எங்கள் கொம்பனியில் ரெப்பாக 22 வருடம்.

ரெப் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது டை கட்டிக்கொண்டு திரிகிற வேலை. உண்மையில் அது நிற்கிற வேலை. இங்கே விசேட வைத்தியர்கள் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரிகளில் சனல் பார்ப்பார்கள், அதாவது காசு கட்டி நம்பர் எடுத்த நோயாளிகளைப் பார்ப்பார்கள். ரெப்புக்கு நேரம் கிடைப்பது கடைசி நம்பர் நோயாளி வெளியே வந்த பிறகு, இரவு ஒன்பதரையோ பத்தோ, அதுவும் டொக்டர் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிற இரண்டு நிமிடம். சில நாட்களில் அறைக்கு வெளியே நிற்கிற மிஸ்ஸி, அதாவது நேர்ஸ், கையை ஆட்டிவிடுவார், இன்றைக்கு ரெப்மாரைப் பார்க்கமாட்டாராம். மூன்று மணித்தியாலம் நின்றது அதோடு சரி. பாக் அண்ணை புதிதாக வருகிற பெடியன்களுக்கு முதல்நாளே இரண்டு விஷயம் சொல்லிக் கொடுப்பார். வெளியே இருக்கிற கதிரைகள் வருத்தக்காரருக்கு, காலியாக இருந்தாலும் நீ இருக்கக்கூடாது. பாக்கை நிலத்தில் வைக்காதே, அதற்குள் மருந்து இருக்கிறது. அப்படியென்றால் எங்கே வைப்பது என்று ஒருவன் கேட்டதற்கு, "கை எதுக்கு இருக்கு?" என்றாராம்.

அவருடைய தொழில் எல்லாம் புனிதம் என்று சொல்லவரவில்லை. டார்கெட், மாதக் கடைசி ஓட்டம், டொக்டரின் மகளுடைய பிறந்தநாளை டயரியில் குறித்து வைப்பது எல்லாம் இருந்தது. இந்த நாட்டில் மருந்து வியாபாரத்தின் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேராசிரியர் சேனக பிபிலே அன்றைக்கே சொன்னவர். அவருடைய யோசனையில்தான் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது, ஒசுசல அதன் கடைதான். பிராண்ட் பெயருக்கு ஏன் இவ்வளவு காசு என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களைப் போன்ற கொம்பனிகளிடம் இன்றும் ஒழுங்கான பதில் இல்லை. அதை நான் அந்த ஒபிசில் சத்தமாகச் சொன்னதில்லை, சம்பளம் அங்கேதான் வந்துகொண்டிருந்தது.

கடிதம்

அதே 1971இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஊழியர்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் இரண்டே வழி. ஒன்று, தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதி. மற்றது, அந்த ஊழியரே எழுத்தில் தருகிற சம்மதம். முதலாவது வழியில் போனால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் விசாரணை, தவணை, பிறகு சட்டம் சொல்கிற வாய்ப்பாட்டின்படி நட்டஈடு. அந்த வாய்ப்பாட்டை எனக்கு மனப்பாடமாகவே தெரியும், அத்தனை பேருக்கும் கணக்குப் போட்டது நான்தான். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த ஒன்பது வருடத்துக்கு இரண்டு மாதம், அப்புறம் ஒன்றரை, ஒன்று என்று இறங்கும். 22 வருடத்துக்கு 41 மாதச் சம்பளம் வரும். பாக் அண்ணையின் சம்பளத்தில் அது பதினெட்டு இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்த நாட்களில் உச்சவரம்பு பன்னிரண்டரை இலட்சம். அதை 25 இலட்சமாக்கியது 2021இல்தான்.

எந்தக் கொம்பனியும் முதலாவது வழியை விரும்பாது. ஆகவே வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம். சட்டம் சொல்வதை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் காசோலை உடனே கையில். பத்து நாளுக்குள் கையெழுத்து வைத்தால் இன்னும் ஐம்பதாயிரம் கூட. வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கடிதத்தில் இல்லை, வாயாலும் ஒருவரும் சொல்லவில்லை. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் எடுக்க 55 வயது ஆகவேண்டும். பாக் அண்ணைக்கு 51. வீட்டில் கம்பஸ் போகிற பிள்ளைகள் இரண்டு. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கையெழுத்து வைப்பதா வேண்டாமா என்பது ஒரு கேள்வியே இல்லை.

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. டிரைவர்மாருக்கும் ஸ்டோர்ஸ் ஆட்களுக்கும் சிங்களத்திலும் தமிழிலும் வேண்டும் என்றார்கள். சிங்களத்துக்குக் கணக்குப் பிரிவில் ஒரு தங்கச்சி, தமிழுக்கு நான். பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து செய்தோம். அவள் 'ஸ்வேச்சாவென்' என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடமும் இதே சொல் இருக்கிறது, சுயேச்சை, ஆனால் நாங்கள் அதைத் தேர்தலில் நிற்கிறவர்களுக்கு வைத்திருக்கிறோம் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. 'சுயவிருப்பு' என்று முதலில் போட்டு, அது சட்டப் புத்தகம் மாதிரி இருக்கிறது, லொறி டிரைவருக்கு விளங்கவேண்டுமே என்று 'எனது சொந்த விருப்பின் பேரில்' என்று மாற்றினேன். விளங்கவேண்டும் என்பதற்காக மாற்றினேன், கவனியுங்கள்.

அடுத்த நாள் மத்தியானம் பாக் அண்ணை என் மேசைக்கு வந்தார். அவருக்கு ஆங்கிலக் கடிதம், ஏற்கனவே கொடுத்தாயிற்று. "பிள்ளை, தமிழிலை ஒண்டு இருக்காமே, அதைத் தா பாப்பம்" என்றார். உங்களுக்கு இங்கிலிஷ் விளங்கும்தானே அண்ணை என்றேன். "விளங்கும். விளங்கினாலும் படாது. நான் 22 வருஷம் இங்கிலிஷிலை மருந்து வித்தவன், அது வாயிலை வாற பாஷை." கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். கதிரை இருந்தது, இருக்கவில்லை. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, அந்த விரலை எடுக்காமலே கேட்டார்: "இது ஆற்ரை விருப்பம் பிள்ளை?"

நான் என்ன சொல்ல? அது சட்டத்துக்காகப் போடுகிற வசனம் அண்ணை என்றேன். "அப்ப 'கொம்பனி கேட்டுக்கொண்டதற்கு இணங்க' எண்டு போடு. அதுவும் வசனம்தானே. காசு அதே காசுதான், நான் சண்டைக்கு வரேல்லை. ஆனா நாளைக்கு என்ரை மகன் இதை எடுத்து வாசிச்சா, அப்பா விருப்பப்பட்டுத்தான் வேலையை விட்டவர் எண்டெல்லோ நினைப்பான்." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மருந்தின் அளவில் பிழை இருப்பதைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

நான் எழும்பி மனேஜரிடம் போனேன். அந்த ஒபிசில் நான் செய்த ஒரே துணிச்சல் அதுதான், அதையும் துணிச்சல் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு சொற்றொடரை மாற்றலாமா, ஆட்களுக்கு மனவருத்தம் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பெயரும் அடுத்த சுற்றில் இருந்தது, அது அவருக்கு அப்போது தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, லோயர் அந்த ஒரு வரியைத்தான் நாலு தரம் பார்த்தவர் என்றார். அப்புறம் சொன்னார்: "நாங்கள் காசு கொடுப்பதே அந்த ஒரு வரிக்காகத்தான், மிச்சமெல்லாம் சோடனை."

அவ்வளவு நேர்மையாக அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றுவரை என் பிணக்கும் அங்கேதான் நிற்கிறது. விற்க மருந்து இல்லாத கொம்பனி பதினேழு பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது, அது எனக்கு விளங்குகிறது. காப்புரிமை முடிந்தால் வருமானம் விழும், விழுந்த இடத்தை நிரப்ப இன்னொரு கொம்பனியை வாங்குவார்கள், வாங்கிய கடனை அடைக்க ஆட்களைக் குறைப்பார்கள், இந்தச் சங்கிலியும் விளங்குகிறது. நிறுத்துகிறவன் நிறுத்துகிறேன் என்று சொல்லட்டும். வேலையையும் எடுத்துவிட்டு, எடுத்தவன் நான் இல்லை என்று எடுக்கப்பட்டவனின் கையாலேயே எழுதி வாங்குவதுதான் விளங்கவில்லை.

திரும்பி வந்து மாற்றமுடியாதாம் அண்ணை என்றேன். சரி என்றார். ஆங்கிலக் கடிதத்தில், என் மேசைப் பேனையாலேயே, கையெழுத்து வைத்தார். தமிழ்க் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அதில் கையெழுத்து இல்லை. மாதக் கடைசியில் எனக்கு மொழிபெயர்ப்புக்கென்று சம்பளத்தில் 2,500 ரூபா கூடுதலாக வந்திருந்தது. வேண்டாமென்று சொல்லவில்லை.

பிறகு

ஏஜென்சியை எடுத்த கொம்பனி புதிதாக ரெப்மாரை எடுத்தது. பாக் அண்ணையும் போய்ப் பார்த்தார் என்று கேள்வி. மோட்டார் சைக்கிளில் ஓடக்கூடிய, முப்பதுக்கு உட்பட்டவர்கள் வேண்டுமாம். அவர் பார்த்துவந்த டொக்டர்களை இரண்டு பெடியன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நானும் அடுத்த வருடம் அங்கிருந்து விலகினேன். என் கடிதத்திலும் அதே வசனம்தான், ஆனால் என்னுடையது உண்மை.

பிறகு அவரைக் கண்டது 2022இல், ஜூன் மாதமாக இருக்கவேண்டும். டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறி, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, மருந்துக்கடையெல்லாம் பாதி வெறும் தட்டு. அம்மாவின் தைரொயிட் குளிசைக்காக வெள்ளவத்தையில் காலி வீதியின் இரண்டு பக்கமும் நடந்து களைத்து, கடைசியில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்த சின்னப் பார்மசிக்குள் போனேன். கவுண்டருக்குப் பின்னால் அவர். தலை முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் கண்டுவிட்டு முதலில் கேட்டது குளிசையின் மில்லிகிராம்.

"முழுசாத் தர ஏலாது பிள்ளை. ஒரு ஆளுக்குப் பத்து." கார்டை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். காலாவதித் திகதி அச்சடித்த பக்கம் என் துண்டில் வருகிற மாதிரித் திருப்பி வைத்துத்தான் வெட்டினார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். மகன் கனடாவில் என்றார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அந்தத் தமிழ்க் கடிதம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அப்போது டை கட்டிய ஒரு பெடியன் உள்ளே வந்து முதலாளி இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டான். பெற்றோல் இல்லாமல் எங்கிருந்தோ நடந்து வந்திருக்கவேண்டும், சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. வர அரை மணித்தியாலம் ஆகும் என்ற பாக் அண்ணை, கவுண்டருக்குப் பின்னாலிருந்த தன் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி அவனிடம் நீட்டினார். அவன் ஸ்துதி சொல்லி வாங்கிச் சுவரோரம் வைத்தான். இருக்கவில்லை. பாக்கைக் கதிரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான்.